திருதிரு முழி சாட்சியாகாது

தமிழக உள்துறைச் செயலாளருக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநருக்கும்,



“போலீசைக் கண்டதும் திருதிருவென முழித்தார். விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்.” கைதுச் செய்திகளில் இந்த இரண்டு வரிகளையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். ஊரும் பெயரும்தான் மாறுகின்றன. ஒரு மனிதரை ஜீப்பில் ஏற்ற இவ்வளவு போதும் என்ற நிலை இருப்பதால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பொய் சொல்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. 2006-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் பெரும்பாலோர் சொன்ன அடையாளமும் அதுதான். ஆனால் பொய்யையும் பார்வையையும் ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டில் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் சுமார் 24,000 பேரின் கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய்யா மெய்யா என்று சரியாகச் சொல்லப்பட்டவை நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். விசாரித்துப் பழகிய அதிகாரிகளும் மற்றவர்களைவிட மேலாகக் கணிக்கவில்லை.

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைக் கவனித்து ஆபத்தானவர்களைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவழித்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013-இல் அதை ஆராய்ந்து, போதிய அறிவியல் ஆதாரம் இல்லாத திட்டத்துக்கு இனி நிதியைக் குறையுங்கள் என்றது.

நம் ஊரில் இந்த நம்பிக்கையின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஓர் இருளரோ குறவரோ ஸ்டேஷனுக்குள் வருகிறார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. “நேத்து ராத்திரி எங்கடா இருந்தே?” என்ற அதட்டலில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதலில் வீடு என்கிறார், பிறகு செங்கல் சூளை என்கிறார். சூளையிலேயே குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவருக்கு இரண்டும் ஒரே இடம்தான் என்பதை யாரும் கேட்பதில்லை. தலை குனிந்து நின்றதால் அவர் எதையோ மறைக்கிறார். நிமிர்ந்து பார்த்திருந்தால், “என்னடா முறைக்கிறே?” என்றிருப்பார்கள். ஏற்கெனவே பொய் வழக்கில் அடிபட்டவர் காக்கியைக் கண்டு ஓடினால் அது குற்றத்தின் அடையாளம் அல்ல. அந்த அடியின் நினைவு.

சட்டமும் இதற்கு வழிவிடுகிறது. குற்ற நோக்கோடு ஒளிந்து நிற்பவர்மீது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவில் போடப்பட்ட சந்தேக வழக்கு, இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 128-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவர் ஒளிந்து நின்றாரா, சும்மா நின்றாரா என்பதைக் காவலரின் கண்தான் முடிவு செய்கிறது.

2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் எவருக்கும் உண்மை கண்டறியும் சோதனையோ நார்கோ சோதனையோ மூளை வரைபடச் சோதனையோ நடத்தக் கூடாது என்றது. அவற்றின் நம்பகத்தன்மையையும் விரிவாகக் கேள்வி கேட்டது. கருவி கொண்டு உடம்பைப் படிப்பதையே நம்பத் தயங்கிய நாட்டில், வெறுங்கண்ணால் படிப்பதை எப்படி நம்புவது?

வேறு வழி இருக்கிறது. இங்கிலாந்துக் காவல்துறை 1990-களிலேயே விசாரணை முறையை மாற்றிக்கொண்டது. எதிரில் இருப்பவரை முழுதாகப் பேசவிட்டு, பதிவு செய்து, சொன்னதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அந்த முறை. நேரம் பிடிக்கும்தான். ஆனால் சூளை மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மேலே சொன்ன மனிதர் அன்றிரவே வீடு திரும்பியிருப்பார்.

உங்களிடம் கேட்பது இதுதான். முழியையும் நடுக்கத்தையும் குற்ற அடையாளமாகக் கற்பிக்கும் பாடம் எந்தப் பயிற்சியில் இருந்தாலும் நீக்குங்கள். சரிபார்க்கத்தக்க ஒரு காரணமாவது எழுதாமல், சந்தேகத்தின் பேரில் யாரையும் பிடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். வாக்குமூலங்களை ஒலி-ஒளிப் பதிவு செய்ய மேலே சொன்ன சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவு இடம் தருகிறது; அதைத் தமிழ்நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கட்டாயமாக்குங்கள்.