தவறான விடைக்கும் மதிப்பு உண்டு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம் 1987-இல் வெளிவந்தது. பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற எளிய வினாக்களை மாணவர், பழைய மாணவர், பேராசிரியர் என 23 பேரிடம் கேட்டார்கள். 21 பேருடைய விளக்கத்தில் பிழை இருந்தது. பூமி சூரியனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர்காலம் என்பதே பருவங்களுக்கு அவர்களில் பலர் சொன்ன காரணம்.

அவர்களைப் பார்த்து நகைப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ. தொலைவில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். நமக்கு அது மார்கழி மாதம். ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படியும் காலம். மிகத் தொலைவில், அதாவது சுமார் 15.2 கோடி கி.மீ. அப்பால், செல்வதோ ஜூலையில். மேலும், நமக்குக் குளிராக இருக்கும் அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இவை எப்படிப் பொருந்தும்?

உண்மைக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. இது உங்கள் பாடநூலிலும் உண்டு. 'பூமியின் அச்சு ______ பாகை சாய்ந்துள்ளது' என்று தேர்வில் கேட்டால் வகுப்பே 23½ என்று எழுதிவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அதே மாணவரின் மனத்தில் 'நெருங்கினால் கோடை' என்ற எண்ணம் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். அது இருப்பதைக் கோடிட்ட இடம் காட்டிக்கொடுக்காது. இதுதான் என் குறை. நம் தேர்வுகள் மாணவர் எதை நெட்டுருப் போட்டார் என்று பார்க்கின்றன; எதை நம்புகிறார் என்று பார்ப்பதில்லை.

வேறு வகையில் கேட்கவும் முடியும். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய துணைவர்களும் 1992-இல் விசையைப் பற்றி ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். அதில் கணக்கே இல்லை. மேலே எறிந்த பந்தின் மீது எந்த விசை செயல்படுகிறது என்பது போன்ற வினாக்கள்தாம். தவறான விடைகளைத்தான் அவர்கள் கவனமாக அமைத்தார்கள். மாணவர்களின் இயல்பான எண்ணங்களே அவ்விடைகளாக அமைந்தன. கையின் விசை பந்தோடு கூடவே செல்கிறது என்று நம்புபவர் அதைத் தேர்ந்தெடுத்து அகப்பட்டுக்கொள்வார். (கையை விட்டபின், காற்றுத் தடையை ஒதுக்கினால், புவியீர்ப்பு மட்டுமே.) ஹார்வர்டில் எரிக் மஸூர் இதை வகுப்பில் கொடுத்தபோது, 'நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா?' என்னும் பொருளில் ஒருவர் கேட்டாராம். எவ்வளவு நேர்மையான கேள்வி!

நம் நாட்டு அனுபவமும் ஒன்று உண்டு. 15 வயது மாணவர்களுக்கான 'பீசா' என்ற பன்னாட்டுத் தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவுகள் வந்தன. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. தேர்வை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளுடையது 501. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். 2012 தேர்வில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. அந்தக் குறையில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் நம் சூழலுக்கேற்ற வினாக்களை நாமே ஆக்கலாமே!

ஐம்பது மாணவர்களை வைத்துக்கொண்டு, பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வாரம் ஒரு வினா, ஐந்து நிமிடம் போதும். விடையுடன் காரணத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். மதிப்பெண் கூடாது, மதிப்பெண் என்றவுடன் மாணவர் தாம் நினைப்பதை மறைத்து, ஆசிரியர் விரும்புவதையே எழுதுவார்.

முதல் வினாவை நீங்களே தொடங்கலாம். கல்லூரியில் படித்த அண்ணன், அக்காவிடம், ஒரு பெரிய வேப்பமரத்தின் எடையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 'மண்ணிலிருந்து' என்று விடை வந்தால், தொட்டியில் செடி வளர வளர மண் ஏன் குறையவில்லை என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.