ஜனாஸாவோடு விசாரணையையும் அடக்கிவிடுகிறோம்

நம்மூரில் கட்டட வேலையில் விழுந்து ஒருவர் மௌத்தானால், அஸருக்கு முன் அடக்கிவிட வேண்டும் என்று ஊரே ஓடுகிறது. திடீர் மரண விசாரணை அதிகாரியைத் தேடிப் பிடிக்கிறோம், வைத்தியசாலையில் ஆள் பிடிக்கிறோம், ஜனாஸாவைக் கெதியாக எடுக்கிறோம். நல்லது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விசாரணை சொல்வது அவர் எதனால் இறந்தார் என்பதைத்தான்: தலையில் அடி, இரத்தப்போக்கு. அவர் ஏன் விழுந்தார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. "கத்ர்" என்கிறோம். இன்னும் கொஞ்சம் பேசினால் "அவன்ட கவனயீனம்" என்கிறோம். மறுகிழமை அதே பலகை, அதே கம்பு, வேறொரு வீட்டு மாடியில். சாதாரண தரம் எழுதிவிட்டு மேசனோடு போன எங்கள் வகுப்புப் பிள்ளை அதில் ஏறி நிற்கிறான்.

கத்ரை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. கயிறு ஏன் அறுந்தது என்று பார்ப்பதால் ஈமானில் என்ன குறைந்துவிடும்?

இந்தக் "கவனயீனம்" என்ற சொல்தான் நம்மை அதிகம் கெடுக்கிறது. ஓர் அரிசி ஆலையை எடுங்கள். ஓடும் பெல்ட்டில் ஒருவருக்கு விரல்கள் போகின்றன. பெல்ட்டின் மூடி கழற்றிக் கிடந்தது. ஏன் கழற்றினார்? கிறீஸ் போடும் இடம் மூடிக்குள்ளே. ஏன் திரும்பப் பூட்டவில்லை? ஆறு நட்டு, நாளைக்கும் கழற்ற வேண்டும், வெளியே லொறி காத்து நிற்கிறது. கிறீஸ் போட ஒரு சின்னக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் மூடியைத் தொடவே தேவையில்லை. ஆளைத் திட்டி வீட்டுக்கு அனுப்பினால், அடுத்து வருபவரும் அதே மூடியைத்தான் கழற்றுவார்.

இது நாம் புதிதாகக் கேட்பதல்ல. தொழிற்சாலையில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்கிறது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். நட்டஈட்டுக்கு 1934இலேயே சட்டம் வந்துவிட்டது. முதலாளி கபனோடு சேர்த்துக் கொடுக்கும் சல்லியை ஸதக்கா போல வாங்க வைக்கிறோமே, அது அந்தத் தாயின் ஹக்.

2018 ஏப்ரலில் ஹொரணையில் ஓர் இறப்பர் தொழிற்சாலைத் தாங்கிக்குள் விழுந்த ஒருவரும், அவரைக் காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து பேர் இறந்தார்கள். நாம் முகநூலில் அழுகைக் குறி போட்டோம். மலசலகூடக் குழிக்குள் இறங்கும் நம்மூர் ஆட்களைக் கூப்பிட்டு, "உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னால் குதிக்காதீர்கள், விஷவாயு" என்று சொன்னது யார்?

பள்ளி நிர்வாகங்களிடம் கேட்கிறோம். உங்கள் மினாரா வேலையிலிருந்தே தொடங்குங்கள். யாராவது விழுந்தால், விழாமல் தப்பினாலும்தான், பலகையை அகற்றுமுன் படம் எடுங்கள். கூட நின்றவர்களை முதலாளி இல்லாத இடத்தில் இருத்திக் கேளுங்கள். கண்டதை ஜும்ஆவுக்குப் பின் ஊருக்குச் சொல்லுங்கள்.

முதலாளிமார் கோபித்தால் நோன்புக்கு அரிசி வராது என்று சிலர் பயப்படுவதும் தெரியும். வராவிட்டால் அந்த வருசம் கஞ்சி தண்ணியாக இருக்கட்டும்.