கோப்பில் இல்லாத பாதி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஆய்வகத்தில் ஒரு சேர்மம் செல் சாவைக் குறைக்கிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தோம். டாப்பிச் சாயம் ஏற்றிய உட்கருக்களையும் அவற்றின் சிதைந்த துண்டுகளையும் இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளின் மேக்ரோ (கட்டளைத் தொகுப்பு) ஒன்று எண்ணித் தந்தது. சேர்மம் இடாத தட்டுகளில் துண்டுகள் ஏராளம். இட்ட தட்டுகளில் மிகக் குறைவு. மேக்ரோ ஒரு தடவைகூட நிற்கவில்லை, ஒரு பிழைச்செய்தியும் காட்டவில்லை.

பிறகுதான் தெரிந்தது. சேர்மம் இடாத தட்டுகளின் படங்களை, அதாவது முதல் தொகுதியை, நுண்ணோக்கியின் மென்பொருளிலிருந்து டிஃப் கோப்புகளாக எடுத்திருந்தோம். அளவுகோல் குறிப்பு வழியிலேயே தொலைந்துவிட்டது. சேர்மம் இட்ட இரண்டாம் தொகுதியை பயோ-ஃபார்மட்ஸ் செருகுநிரல் மூலம் நேராகத் திறந்தோம். ஒரு பிக்சல் 0.2 மைக்ரான் என்ற குறிப்பு அப்படியே வந்து சேர்ந்தது. துகள்களை எண்ணும் ‘அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்’ வரியில் குறைந்தபட்சப் பரப்பு 50 என்று எழுதியிருந்தது. முதல் தொகுதிக்கு அது 50 பிக்சல், அதாவது 2 சதுர மைக்ரான். இரண்டாம் தொகுதிக்கு 50 சதுர மைக்ரான், அதாவது 1250 பிக்சல். ஏறத்தாழ 8 மைக்ரான் விட்டத்துக்குக் குறைந்த எதுவும் அங்கே கணக்கில் ஏறவில்லை. சாகும் செல்லின் உட்கரு உடைந்து சிதறும் துண்டுகளோ அதைவிடச் சிறியவை. நாங்கள் எண்ண வந்ததையே மேக்ரோ சலித்துக் கொட்டியிருந்தது. அந்த வரியில் ‘பிக்சல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், அல்லது அளவுகோல் இல்லாத படத்தைக் கண்டதும் நின்றுவிடச் சொல்லியிருந்தால், இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

நின்றுபோகும் மேக்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிழைப்பெட்டி வரி எண்ணைச் சொல்கிறது. எந்தச் சொல்லில் இடறியது என்பதையும் கோண அடைப்புக்குள் காட்டுகிறது. பெரும்பாலும் பெயர்ச் சிக்கல்தான். நாம் செய்வதை மேக்ரோ வரிகளாகப் பதிவுசெய்யும் ரெக்கார்டர் அன்றைக்குத் திறந்திருந்த படத்தின் பெயரை அப்படியே எழுதிவைக்கும். அடுத்த படத்துக்கு அந்தப் பெயர் இருக்காது. படத்தைத் திறந்தவுடன் அதன் அடையாள எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இது தீரும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் சதுர அடைப்பு வேண்டும். இவையெல்லாம் அரை மணி நேர வேலை.

நிற்காமல் தவறான எண்ணைத் தரும் மற்ற வகைதான் என்னை உறங்கவிடாதது. அதன் வேர் இமேஜ்ஜேயின் பிறப்பில் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1987-இல் மெக்கின்டாஷுக்காக என்.ஐ.எச். இமேஜைத் தொடங்கினார், 1997-இல் அது ஜாவாவுக்கு மாறி இமேஜ்ஜே ஆனது. மவுஸைப் பிடித்துத் திரைமுன் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக உருவான மென்பொருள் அது. ஆகவே அவர் கடைசியாகத் தேர்ந்த விருப்பங்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. அவற்றில் பலவற்றை மூடும்போது ஒரு கோப்பில் எழுதி, மறுநாள் திருப்பித் தருகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவி. மேக்ரோவுக்கோ, யாரும் எழுதாமலே உள்ளே நுழையும் உள்ளீடு. பொதுக் கணினியில் காலையில் வந்தவர் அளவுகோல் பெட்டியில் ‘குளோபல்’ என்பதைத் தேர்ந்துவிட்டு, மென்பொருளை மூடாமல் எழுந்து போகிறார். பிற்பகலில் நீங்கள் திறக்கும் படங்களெல்லாம் அவருடைய லென்ஸின் அளவுகோலோடு திறக்கின்றன. உங்கள் மேக்ரோவின் பாதி உங்கள் கோப்பில் இருக்கிறது. மீதி அந்தக் கணினியில் இருக்கிறது.

புதிய பதிப்புகளின் ரெக்கார்டர் இந்த மீதியில் கொஞ்சத்தைப் பிடித்துத் தருகிறது. அதைத் திறந்து வைத்து ஒரு 16 பிட் படத்தை 8 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: ‘ஸ்கேல் கன்வர்ஷன்ஸ்’ என்ற வரி ஒன்று தானாக விழும். ‘கன்வர்ட் டு மாஸ்க்’ கொடுத்தால் ‘பிளாக் பேக்ரவுண்ட்’ வரி விழும். நாம் அழுத்தாத பொத்தானுக்கு வரி எதற்கு என்று, மேக்ரோவைத் துப்புரவு செய்பவர்கள் முதலில் நீக்குவது இவ்விரண்டையும்தான். தயவுசெய்து நீக்காதீர்கள்.

முதல் வரியின் எடையைப் பாருங்கள். 12 பிட் கேமரா 0 முதல் 4095 வரை தருகிறது. 16 பிட் படத்தைத் திறக்கும்போது இமேஜ்ஜே பொதுவாக அந்தந்தப் படத்தின் மிகக் குறைந்த, மிகக் கூடிய மதிப்புகளையே திரையின் எல்லைகளாக எடுத்துக்கொள்கிறது. இந்த விருப்பம் இயங்கும் நிலையில் 8 பிட்டுக்கு மாற்றும்போது அந்தத் திரை எல்லைதான் 0 முதல் 255 வரை இழுக்கப்படுகிறது. உச்சம் 800 உள்ள மங்கல் படமும் உச்சம் 3200 உள்ள பிரகாசமான படமும் இரண்டுமே 255-இல் போய் முடிகின்றன. நான்கு மடங்கு ஒளிர்வு வேறுபாடு ஒரே கட்டளையில் காணாமல் போய்விடும். மாற்றுவதற்கு முன் எல்லாப் படங்களுக்கும் ஒரே எல்லையை, 0 முதல் 4095 என்று, எழுதிவைக்க வேண்டும். அதைவிட நல்லது, ஒளிர்வை அளக்கும் வேலைக்கு 8 பிட்டுக்கே போகாமல் இருப்பது.

இரண்டாம் வரி, முகமூடிப் படத்தில் பொருளுக்கு 255-ஆ, பின்புலத்துக்கு 255-ஆ என்ற குழப்பத்திலிருந்து காப்பது. இமேஜ்ஜேயின் மாதிரிப் படமான ‘பிளாப்ஸ்’, 256-க்கு 254 பிக்சல், இதைக் கற்க நல்ல இடம். அதன் தலைப்புக்குக் கீழே ‘இன்வெர்ட்டிங் எல்.யு.டி.’ என்று சிறிய எழுத்தில் இருக்கும்: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் எண் பெரியது. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல் த்ரெஷோல்டு எழுதியவர்கள் பின்புலத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பழுது தேடும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். விடை தெரிந்த ஒரு படத்தை நானே வரைவேன்: கறுப்புப் பரப்பில், பரப்பளவு தெரிந்த பத்து வெள்ளை வட்டங்கள். அதில் மேக்ரோவை ஓட்டுவேன். அளவுகோலை மாற்றி மறுபடி ஓட்டுவேன். எதையும் மூடாமல் உடனே இன்னொரு தடவை ஓட்டுவேன். பத்து இருபதானால், முடிவு அட்டவணையையோ ஆர்.ஓ.ஐ. மேனேஜரையோ தொடக்கத்தில் காலி செய்யவில்லை என்று பொருள். பேட்ச் மோடை நிறுத்திவிட்டு, எடிட்டரின் டீபக் பட்டியலிலிருந்து வரி வரியாக நடத்துவேன். கடைசியில், கண்டுபிடித்த எல்லைக்கோடுகளை மூலப்படத்தின் மேல் ஏற்றிக் கண்ணால் பார்ப்பேன். இந்தக் கடைசி வேலையைத்தான் மாணவர்களிடம் மிகவும் வற்புறுத்துகிறேன். எங்கள் உட்கருப் படங்களில் பத்தை இப்படிப் பார்த்திருந்தாலே, கோடு விழாத துண்டுகள் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் பல, ‘படங்கள் இமேஜ்ஜேயில் பகுப்பாய்வு செய்யப்பட்டன’ என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கின்றன. அதை வைத்து யாரும் எதையும் திரும்பச் செய்ய முடியாது. மென்பொருள்களின் பதிப்பு எண், முக்கிய அமைப்புகள், மாதிரிப் படம் ஆகியவற்றை வெளியிடச் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று 2024-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வந்தது. அதை ஒட்டியே அடுத்த இதழ் முதல் நாங்களும் கேட்கப்போகிறோம்: மேக்ரோ கோப்பு, பதிப்பு எண், சுருக்கப்படாத மூலப்படம் ஒன்று, அந்தப் படத்துக்கு உங்களுக்குக் கிடைத்த எண். மேக்ரோ அழகாக இருக்க வேண்டியதில்லை. இங்கே புதிதாக நிறுவிய இமேஜ்ஜேயில் அதை ஓட்டிப் பார்ப்போம். உங்கள் எண் எங்களுக்கு வராவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். காரணத்தை உங்களோடு சேர்ந்து தேடுவோம்.