தோற்றாலும் நிறையும் அரங்கு



சரக்கு மட்டமானால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது நாம் கல்லாவில் உட்கார்ந்த நாள் முதல் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கு பலிக்காத ஒரு தொழிலை, டொரன்டோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கண்டேன். அங்கே ஹாக்கி என்றால் நம் ஊர் மைதான ஹாக்கி அல்ல. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. அதன் டிக்கெட் வியாபாரத்தைத்தான் சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ரசிகர். அந்த அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967இல். அதன்பின் 2025 வரை வெல்லவில்லை. 2005-06 தொடங்கி ஏழு பருவங்கள் தொடர்ச்சியாக நாக்அவுட் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஆனாலும் சுமார் 18,800 பேர் அமரும் அரங்கில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. பருவம் முழுவதற்குமான சீட்டை வைத்திருப்பவர் அதைச் சொத்துபோலப் பிள்ளைக்கு விட்டுப்போகிறார். நல்ல இருக்கைகளில் பல கம்பெனிகள் வசம்.

"ஜெயிக்கிறதும் தோக்கறதும் வேற விஷயம் மாமா, இது நம்ம டீம்" என்றார் மாப்பிள்ளை.

அந்த வறண்ட ஆண்டுகளில் கிளப்பின் பெரும்பங்கு ஒண்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிடம் இருந்தது. 2012இல் அந்தப் பங்கு கைமாறியபோது விலை நூறு கோடி டாலருக்கும் மேல். தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அவ்வளவு மதிப்பு! அதே ஆண்டு ஏப்ரலில் நிர்வாகம் பத்திரிகைகளில் முழுப்பக்க மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது. மன்னிப்புக்கு ஒரு விளம்பரக் கட்டணம், அவ்வளவே செலவு.

இப்படி ஒரு வாடிக்கை நமக்கு வாய்க்கவில்லையே என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். வரவு குறையாவிட்டால் முதலாளிக்குச் சரக்கின் குறை தெரிவதில்லை. 2014 நவம்பரில் இந்த அணி சொந்த அரங்கில் 9-2 என்று தோற்றது. அந்த நாட்களில் சில ரசிகர்கள் அணியின் சட்டையைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் வென்ற வீரர்கள், வழக்கமாக மட்டையை உயர்த்திக் கூட்டத்துக்குச் செலுத்தும் வணக்கத்தைச் செலுத்தாமலே உள்ளே போனார்கள். பணம் கொடுத்து வந்தவனிடம் கோபித்துக்கொள்ளும் கடைக்காரரை நான் அங்கேதான் கண்டேன்.

சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி தலைநகர் ஒட்டாவாவில் கதை வேறு. செனட்டர்ஸ் அணி 2017இல் ஒரே ஒரு கோலில் இறுதிப் போட்டி வாய்ப்பை இழந்தது. நல்ல அணிதான். ஆனால் அந்த ஆண்டே அரங்கின் மேல்தட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளைத் துணி போட்டு மூடினார்கள். டிசம்பரில் உரிமையாளர் யூஜீன் மெல்னிக், டிக்கெட் விற்பனை இப்படியே போனால் அணியை வேறு ஊருக்கு மாற்ற நேரலாம் என்ற பொருளில் பேசினார். 2003இல் திவாலில் இருந்த அணியை வாங்கிக் காப்பாற்றியவரும் அவர்தான், அதை மறைக்கக்கூடாது. ரசிகர்கள் காசு திரட்டி, அவர் விலக வேண்டும் என்று 2018இல் சாலையோரம் விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அதே செப்டம்பரில் அணித்தலைவர் கார்ல்சனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2019-20இல் லீகிலேயே குறைந்த கூட்டம் ஒட்டாவாவில்தான்.

அரங்கு ஊருக்கு வெளியே இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது, அதனால்தான் ஆள் வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். 2022இல் மெல்னிக் காலமானார். 2023இல் ஆண்ட்லவர் குழுவினர் அணியை வாங்கினார்கள். 2023-24இலும் அணி நாக்அவுட் சுற்றுக்குப் போகவில்லை. அரங்கும் இடம் மாறவில்லை. ஆனால் கூட்டம் திரும்பியது. தோல்வியைப் பொறுத்துக்கொண்ட ஜனங்கள், "நீ வராவிட்டால் கடையை மூடிவிடுவேன்" என்ற பேச்சைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் மண்டியில் ஒரு வருடம் துவரம்பருப்பில் வண்டு விழுந்தது. சரக்கெடுக்கும் கடைக்காரர்கள் யாரும் திட்டவில்லை. ஒருவர் வந்து சொன்னபோது, "இஷ்டம்னா எடுங்க அண்ணாச்சி" என்றேன். அவரோடு பேரேட்டில் பதினொரு பெயர் நின்றுபோனது. பருப்புக்காகப் போனவர்கள் அல்ல அவர்கள்.

விசுவாசம் மட்டும் கடையைக் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. கியூபெக் நகர அணி 1989-90இல் எண்பது ஆட்டங்களில் பன்னிரண்டே வென்றது. அப்போதும் ஊர் அதைக் கைவிடவில்லை. 1995இல் பணக் காரணங்களால் அமெரிக்காவின் டென்வருக்குப் போனது. மறு ஆண்டே அங்கே கோப்பையை வென்றது. வின்னிபெக் ஊரார் 1996இல் அணியை இழந்து, 2011இல் ஒன்றைத் திரும்பப் பெற்றபோது சுமார் 13,000 பருவச்சீட்டுகள் பறந்தன. 2024இல் அது பத்தாயிரத்துக்கும் கீழே. அந்தப் பருவத்தில் அணி வென்றுகொண்டுதான் இருந்தது! சிறிய ஊர், ஏறிய விலைவாசி. வீட்டுச் செலவில் முதலில் கைவைப்பது ஆட்டத்தில்தானே.

புறப்படும் நாளில் பேரன் வழியனுப்ப வந்தான். டொரன்டோவிலேயே பிறந்து வளர்ந்த பையன். போட்டிருந்தது எட்மன்டன் அணியின் சட்டை, முதுகில் மக்டேவிட் பெயர். அப்பாவின் நீலச் சட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது அப்பாவோட டீம் தாத்தா" என்றான். மாப்பிள்ளை வண்டியின் டிக்கியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.