20 மணி நேரத்தில் அடங்காத கடன்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தன் மகனோடு கோவில் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு கவர். மகன் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகிறான், விசா வந்துவிட்டது, பீடத்தில் வைத்து ஜெபிக்க வேண்டும் என்றார். மகிழ்ச்சியோடு ஜெபித்தேன். பிறகு பேச்சுவாக்கில், "செலவுக்கு என்னம்மா ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"வீட்டுப் பத்திரத்தை வச்சு லோன் போட்டிருக்கோம் சாமி. அவன் அங்க வேலை பார்த்து அடைச்சிருவான். ஆபீஸ்ல அப்படித்தான் சொன்னாங்க."

"எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாமாம்?"

மகன் தலையைக் குனிந்துகொண்டு, "இருபது மணி நேரம் ஃபாதர், வாரத்துக்கு" என்றான்.

"வாரத்துக்கா?" என்று தாய் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை இதை எழுத வைத்தது.

விளாங்குடியிலிருந்து காளவாசல் வரை ஒரு முறை போய் வந்தால் போதும். வெளிநாட்டுப் படிப்புக்கு அழைக்கும் விளம்பரங்கள் கண்ணில் படாமல் இருக்காது. வெளிநாட்டுப் பயணம் நமக்குப் புதிதல்ல. ஒரு தலைமுறை வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனது. அடுத்த தலைமுறை படிக்கப் போகிறது. விசா கிடைத்த பிள்ளைகளின் பெயரை நானும் பீடத்திலிருந்து அறிவித்திருக்கிறேன். நாம் எல்லோரும் கைதட்டியிருக்கிறோம். ஆனால் அந்த விசாவோடு வரும் நிபந்தனைகளை நம்மில் எத்தனை பேர் வாசித்தோம்?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் பட்டப்படிப்பும் முதுகலையும் படிக்கும் வெளிநாட்டு மாணவர், பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதற்குக் கீழான படிப்பு என்றால் 10 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு கடையில் 15 மணி, இன்னொரு கடையில் 15 மணி என்று பிரித்துச் செய்தாலும் கணக்கு 30தான். சுயதொழில் கூடாது, ஆகவே சைக்கிளில் உணவு கொண்டு கொடுக்கும் வேலையும் பெரும்பாலும் விதிமீறலாகிவிடும்.

கனடாவில் 2024 நவம்பர் 8 முதல், கல்லூரி வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். அமெரிக்காவில் மாணவ விசாவில் இருப்பவர், பாடக் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும்.

நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மாறினாலும் பொருள் ஒன்றே: "நீ படிக்க வந்தவன். கைச்செலவுக்குக் கொஞ்சம் உழைத்துக்கொள்." கல்விக் கட்டணத்தையும் கடனையும் அடைப்பதற்காக இந்த அனுமதி தரப்படவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில், 21 வயது நிறைந்தவருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் வேலை கிடைத்து, காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள்கூடப் படுக்காமல் இருந்தால், மாதத்துக்கு ஏறக்குறைய 1,058 பவுண்டு.

மறுபக்கம், லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் வாழ மாதம் 1,136 பவுண்டு வேண்டும் என்று அந்த அரசே 2025 ஜனவரியில் நிர்ணயித்து, விசாவுக்கு முன் அதை வங்கிக் கணக்கில் காட்டச் சொன்னது. அந்தத் தொகை பின்னர் மேலும் உயர்ந்தது. ஆக, சட்டம் அனுமதிக்கும் முழு நேரமும் உழைத்தாலும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று அந்த அரசு போட்ட கணக்கையே எட்ட முடியாது. பிறகு கடன் தவணைக்கு எங்கிருந்து வரும்?

"விடுமுறையில் முழு நேரம் வேலை பார்க்கலாமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓராண்டு முதுகலையில் கோடைக்காலம் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம். அது பெரும்பாலும் பாடக் காலமாகவே எண்ணப்படும்.

கடனின் வகையையும் கவனிக்க வேண்டும். வங்கியின் கல்விக் கடன் என்றால், பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கும் சாதாரணக் கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். பிள்ளை அங்கே விமானத்தை விட்டு இறங்கும் முன்பே கடன் கதவைத் தட்டுகிறது!

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் கேட்டது (லூக்கா 14:28) சீடத்துவத்தைப் பற்றித்தான். ஆனாலும் அதற்கு அவர் எடுத்த உவமை குடும்பங்கள் நன்கு அறிந்த ஒன்று.

நடுவழியில் மாறும் விதிகள்

இந்த விதிகள் கல்லில் எழுதியவை அல்ல. கனடா 2022 நவம்பர் 15 அன்று மணிக்கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நீக்கியது. அதை நம்பிப் பலர் முழு நேர வேலைக் கணக்கில் குடும்பச் செலவைத் திட்டமிட்டார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில், மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற மாணவர்கள் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட இரண்டு ஆண்டு தரப்பட்டது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போரில் முனைவர் பட்டம் பெற்றவர் தவிர மற்றவர்க்கு அது 18 மாதமாகிறது. மூன்று வருடத்துக்கு முன் போன உறவினரின் அனுபவத்தை வைத்து இன்று பிள்ளையை அனுப்புகிறவர், பழைய கால அட்டவணையைப் பார்த்துப் பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போன்றவர்.

விதியை மீறினால் யாருக்கு லாபம்?

ஒரு இரவு வெளிநாட்டிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கேட்டார்: "ஃபாதர், இருபது மணிக்கு மேல வேலை பார்க்கிறது பாவமா?" கடை முதலாளி 20 மணி நேரத்தைக் கணக்கில் எழுதுகிறார். மீதியைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாக, பாதிக் கூலியில் தருகிறார். "ஊர்ல அப்பாவுக்குத் தவணை கட்டணும், என்ன செய்ய?" என்றார்.

இதன் ஆபத்தை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2015 ஆகஸ்டில் அங்குள்ள ஊடகங்கள், செவன் லெவன் என்ற பெரிய கடைச் சங்கிலியின் கிளைகளில் வெளிநாட்டு மாணவர்கள் பலர் ஏமாற்றப்பட்டதை வெளிக்கொணர்ந்தன. 40 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு 20 மணிக்குத்தான் கூலி. எதிர்த்துக் கேட்டால், "அளவுக்கு மேல் வேலை பார்த்தாய் என்று குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல். மாணவரைப் படிக்க வைக்க எழுதிய விதி, அவரை அடிமையாக்கும் கயிறாக மாறியது! உண்மை வெளியானபின் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஊழியர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. விசா நிலையைக் காட்டித் தொழிலாளியை மிரட்டுவதை 2024 ஜூலையில் அந்நாடு குற்றமாக்கியது. எல்லா நாடுகளிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அந்நியரின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் (24:14-15) கட்டளையிடுகிறது. வேலைக்காக நாடு விட்டு நாடு போகிறவர், தொழில் உரிமைகளில் உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைவாக நடத்தப்படக் கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பு பற்றிய 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். கூலியைத் திருடுகிற முதலாளியின் பாவம் வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம்.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இது: "தம்பி, அந்த நாட்டுக்கு வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே போயிருக்கிறாய். வாக்கை மீறக் கூடாது. ஆனால் உன்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. உன்னால் கட்ட முடியாத ஒரு கணக்கை இங்கே ஊரில் போட்டவர்கள் நாங்கள்." இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தேதான் சொன்னேன்.

தோபித்து கேட்ட கேள்விகள்

விவிலியத்தில் மகனைத் தூரதேசத்துக்கு அனுப்பிய ஒரு தந்தை உண்டு. கண்பார்வை இழந்த தோபித்து, மேதியாவில் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கி வர மகன் தோபியாவை அனுப்பினார். துணைக்கு வந்தவர் இரபேல் வானதூதர். அது தெரியாத தோபித்து என்ன செய்தார்? அவருடைய குலம் என்ன, குடும்பம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். நாளுக்கு இவ்வளவு கூலி என்று முன்னதாகவே பேசி முடித்தார் (தோபித்து 5). வானதூதரிடமே இத்தனை விசாரணை! நாமோ, நடத்துபவர் யார் என்றே தெரியாத ஓர் அலுவலகத்தில் பிள்ளையின் வாழ்வை ஒப்படைக்கிறோம்.

வேலைக்கு ஆளனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்பும் ஆலோசனை மையங்கள் அந்தச் சட்ட வரம்புக்குள் வருவதில்லை. "எங்களிடம் கட்டணமே இல்லை" என்று சொல்லும் மையத்துக்குப் பெரும்பாலும் அந்தக் கல்லூரியே தரகு தருகிறது. நேர்மையாக வழிகாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் கேட்டால்தானே தெரியும்! 2023-இல் கனடாவில், போலி அனுமதிக் கடிதத்தோடு அனுப்பப்பட்ட பஞ்சாப் மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். கடிதம் போலி என்பதே பலருக்குப் படிப்பு முடிந்தபின்தான் தெரிந்தது.

அன்று தோபியாவின் தாய் அன்னா அழுதார். பணத்தைவிடப் பிள்ளை பெரிது என்று கணவரிடம் வாதாடினார். நம் வீட்டிலும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளை ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்படியும் முதல் ஆண்டைச் சமாளிக்க முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் ஓராண்டு பொறுப்பது அவமானமல்ல.

2. விசா நிபந்தனைகளை அந்தந்த அரசின் இணையதளத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். அனுமதிக் கடிதத்தைக் கல்லூரிக்கே நேராக எழுதி உறுதி செய்யுங்கள்.

3. சொத்தை அடகு வைக்கும் முன் கல்விக் கடன் பற்றி வங்கியில் கேளுங்கள். நம் மக்களில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

4. அன்பியக் கூட்டங்களில், "உங்க பையன் எவ்வளவு அனுப்புறான்?" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். "நல்லா சாப்பிடுறானா, தூங்குறானா?" என்று கேட்போம்.

5. போகும் பிள்ளை என்னிடம் வந்து பங்குக் கடிதம் வாங்கிச் செல்லட்டும். அங்குள்ள பங்கு ஆலயத்தைத் தேடிப் போகட்டும். சிக்கல் வரும்போது தட்ட ஒரு கதவாவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாயும் மகனும் அன்று பங்கு இல்லத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காகிதத்தில் கணக்கு எழுதினார்கள். எழுதி முடித்ததும் தாய், "முதல் வருஷம் நீ ஒரு பைசா அனுப்ப வேண்டாம்ப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். ஒரு தங்கச் சங்கிலியையும் ஊரில் இருந்த சிறு நிலத்தையும் பற்றி அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதில் தலையிட நான் யார்? ஆனால் தலை குனிந்து வந்த மகன் நிமிர்ந்து போனதைப் பார்த்தேன்.

நம் பிள்ளைகள் எங்கிருந்தாலும் அவர்களோடு வழித்துணையாக நடக்க இரபேல் வானதூதரை இறைவன் அனுப்புவாராக. அவர்கள் தோள்மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றாத பெற்றோராய், பங்காய் நாமும் இருப்போம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.