யார் அனுப்பியது?

போல் போத்ரி 1860இல் தீட்டிய ஓவியத்தை வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். குளியல் தொட்டியில், மார்பில் பாய்ந்த கத்தியோடு மரா கிடக்கிறார். சன்னலோரம், சுவரில் மாட்டிய பிரான்ஸ் வரைபடத்தை ஒட்டி விறைத்து நிற்கிறார் ஷார்லொத் கோர்தே. கதையைச் சொல்லி முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு கேள்வி: "இவங்களை யார் மிஸ் அனுப்புனது?"

1793 ஜூலையில் பாரிஸ் நீதிமன்றம் கேட்டதும் இதையேதான். நார்மண்டியில் நொடித்துப்போன பிரபுக் குடும்பத்துப் பெண். வயது 24, மணமாகாதவர். புளூட்டார்க்கையும் ரூசோவையும் படித்தவர். இப்படி ஒருத்தி தானாக முடிவெடுத்து, கான் நகரிலிருந்து தனியாக வண்டியேறி, பலே ரோயாலில் கத்தி வாங்கியிருப்பாள் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. பின்னால் ஓர் ஆண் இருந்தாக வேண்டும். இல்லை, நானேதான் என்றார் கோர்தே. ஏன் செய்தேன் என்று பிரெஞ்சு மக்களுக்கு ஒரு முறையீடே எழுதி உடையில் குத்தி வைத்திருந்தார். கொலை நடந்தது 13ஆம் தேதி, கில்லட்டின் 17ஆம் தேதி. வெட்டுண்ட தலையைத் தூக்கிக் கன்னத்தில் அறைந்தான் ஒருவன்.

கொலையை நான் மெச்சவில்லை. மரா செத்தால் அமைதி திரும்பும் என்ற கணக்கு பொய்த்தது. மரா தியாகியானார், பயங்கர ஆட்சி இன்னும் இறுகியது, அக்டோபரில் பெண்களின் சங்கங்களுக்கே தடை வந்தது. கணக்கு தப்புதான். ஆனால் அது அவர் போட்ட கணக்கு. அதையும் பிடுங்கிக்கொள்கிறவர்களோடுதான் என் சண்டை.

மராவின் நண்பர் தாவீத் அதே ஆண்டில் வரைந்த படத்தில் கோர்தே இல்லவே இல்லை. இறந்தவர் கையிலுள்ள கடிதத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. சரி, அது எதிர்த்தரப்பின் வேலை. எனக்கு ஆத்திரம் வருவது போத்ரியிடம். அவர் பெண்ணை முன்னுக்குக் கொண்டுவந்தாராம். எதைக் கொண்டுவந்தார்? வெளிச்சம் விழும் ஓர் அழகிய முகத்தை. கவிஞர் லாமர்த்தீன் 1847இலேயே கோர்தேயைத் தேவதையாக்கிவிட்டார். தேவதைக்கு அரசியல் எதற்கு, முறையீடு எதற்கு? எனவே பின்னால் ஒரு வரைபடம் தொங்குகிறது. நாட்டுக்காகச் செய்தாள், அவ்வளவுதான். எந்த நாடு, எந்தக் கட்சி, யாருக்கு எதிராக என்று அவரே எழுதி வைத்த காகிதம் போத்ரிக்குத் தேவைப்படவில்லை. தாவீத் அழித்தார், இவர் அலங்கரித்தார். அலங்காரத்தை மரியாதை என்று நம்மையும் நம்பவைத்துவிட்டார்களே!

இத்தனைக்கும் கோர்தே தனக்கொரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சிறையிலிருந்து எழுதிக் கேட்டார். நீதிமன்றத்தில் அவரை வரைந்துகொண்டிருந்த ஹவேர் என்ற தேசியக் காவல்படைக்காரர் சிறைக்கு வந்து அதை முடித்தார். சாவுக்குச் சில மணி நேரமே இருக்க, கோர்தே அந்தப் படத்தைப் பார்த்துத் திருத்தங்கள் சொன்னார். கூலியாகத் தன் முடியில் ஒரு கற்றையைக் கொடுத்தார். படம் வெர்சாயில் இருக்கிறது. ஹவேர் பெரிய ஓவியரல்ல. கத்தியில்லை, தொட்டியில்லை, வரைபடமில்லை. நாடகம் இல்லாத படத்தை யார் அட்டையில் போடுவார்கள்?

அடுத்த வகுப்பில் அதைக் காட்டினேன். அதே பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "எதை மிஸ் திருத்தச் சொன்னாங்க?"