அழுவதற்கு மட்டும் நாங்களா?

தலித் எழுத்தாளனிடம் தமிழ் இலக்கிய உலகம் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: உன் வலியை எழுது. துப்பறியும் கதையை மற்றவன் எழுதுவான். சரித்திரக் கதை, காதல் கதை, பேய்க்கதை, விஞ்ஞானக் கதை எல்லாமே மற்றவன் எழுதுவான். நாம் அடிபட்டதை எழுத வேண்டும், பீ அள்ளியதை எழுத வேண்டும், தனிக் குவளையில் டீ குடித்ததை எழுத வேண்டும். அவன் அதைப் படித்து உச்சுக் கொட்டிவிட்டு, ராத்திரி தூக்கம் வருவதற்கு வந்தியத்தேவனை எடுத்துப் புரட்டுவான். நாவலிலும் ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.

நம் தோழர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'பாக்கெட் நாவலெல்லாம் படிக்கிறியே, வெட்கமா இல்ல?' என்று கேட்கிறார்கள். இல்லை தோழர். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் ரமணிசந்திரனும்தான் எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்கும் வங்கியில் மத்தியானம் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு நாவல் கிடக்கும். எந்தச் சரக்கானாலும் படிப்பேன். படிக்காமலே திட்டுவது பண்டிதர்கள் வேலை. நாம படிச்சிட்டுத் திட்டுவோம்.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950லிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்தது, ஐந்து பாகம். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரை வருகிற அந்தத் தொடக்கத்தில் மயங்காதவன் யார்? நானும் மயங்கினேன், மூன்று தடவை படித்தேன். ஆனால் அந்த நாவலின் செல்லப்பிள்ளை அருள்மொழிவர்மன்தான் பிறகு ராஜராஜன் ஆகிறான். அவன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே 'தீண்டாச்சேரி' என்ற சொல் இருக்கிறது. 'பறைச்சேரி' இருக்கிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலம் எதெது என்று கணக்குச் சொல்லும்போது வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் சேர்த்துச் சேரியையும் வெட்டி வைத்திருக்கிறான். கல்வெட்டுகளையும் சரித்திர ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்து எழுதியவர் கல்கி. ஓலை கொண்டுபோகிறவனுக்கும், ஓடக்காரிக்கும், சோதிடனுக்கும் இடம் கொடுத்தவர் சேரிக்கு ஓர் அத்தியாயம் கொடுக்கவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பேரேட்டில் இருப்பது அறிக்கையில் இல்லையென்றால் எங்கள் ஆபீசில் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். சரித்திர நாவலுக்கு மட்டும் தணிக்கை கிடையாது. 2022லும் 2023லும் படமாக வந்தபோதும் கிடையாது.

சுஜாதா எனக்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். 'என் இனிய இயந்திரா'வில் பேசுகிற, யோசிக்கிற எந்திர நாய் ஜீனோவை யாருக்குத்தான் பிடிக்காது? அவர் எதிர்காலம் என்று எழுதிய 2020கள் வந்தேவிட்டன. மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமும் போட்டாயிற்று. மனுசன் இன்னும் இறங்கித்தான் சாகிறான். தமிழ் விஞ்ஞானக் கதையின் எந்திரங்கள் வீட்டுக்குள் இருக்கிற அளவு தெருவுக்குள் இல்லை.

காதல் நாவலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாயகன் பணக்காரன், நாயகி மானஸ்தி, நடுவில் ஒரு தப்பபிப்பிராயம். இருநூறு பக்கத்தில் தீர்ந்துவிடும். தர்மபுரி இளவரசனுக்கும் (2013) உடுமலை சங்கருக்கும் (2016) நடுவில் வந்தது தப்பபிப்பிராயமா? இந்த மண்ணில் காதலுக்குத் தடை என்றால் சாதிதான். அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் காதலைப் பற்றியே எழுதவில்லை. இமையத்தின் 'பெத்தவன்', ஊர் கொல்லச் சொன்ன மகளை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிடுகிற தகப்பன் கதை. என் கணக்கில் அதுதான் காதல் கதை.

இலக்கியத் தரமான நாவல் என்று நீட்டப்படுவது யோக்கியமா? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கேட்டது கூலி. அதை வைத்து எழுதிய 'குருதிப்புன'லில் இந்திரா பார்த்தசாரதி பண்ணையாரின் ஆண்மைக்குறைவைத் தூக்கி நடுவே வைத்தார். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு. எரித்தவனுக்கு மனசு இருக்கிறது, நோய் இருக்கிறது, ஆழம் இருக்கிறது. எரிந்தவர்களுக்குப் புகைதான். இதற்கு என் ராஜேஷ்குமார் தேவலை, கொலைகாரன் மேல் இரக்கப்படச் சொல்லமாட்டார்.

ஆனால் அந்த க்ரைம் நாவலிலும் ஒரு பெரிய பொய் உண்டு. இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கினால் நியாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். 1995 ஆகஸ்ட் 31 கொடியன்குளத்தில் போலீஸ் இறங்கி வீடு வீடாக உடைத்தது. 1999 ஜூலை 23 தாமிரபரணிக் கரையில் தடியோடு இறங்கியது, 17 பேர் பிணம். சேரிக்காரன் எந்தத் துப்பறியும் நிபுணரிடம் போவான்? கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 'லாக்க'ப்பில் இந்த வகையைத் தலைகீழாகப் பிடித்துக் கவிழ்த்தார். அதில் துப்பறிகிறவன் பேசுவதில்லை, அடிவாங்குகிறவன் பேசுகிறான். அதற்கும் முன்னாடியே பூமணியின் 'வெக்கை' (1982) வந்துவிட்டது. அதை 'ஒடுக்கப்பட்டோர் வாழ்க்கை' அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். எடுத்துப் படிச்சுப் பாருங்கய்யா. கொலை செய்த பதினைந்து வயசுப் பையன், கூட அப்பன், காடு, ஒளிவு, ஓட்டம். மூச்சு விடாமல் படிக்க வைக்கிற தலைமறைவு நாவல் அது. விமர்சகன் அதில் வலியைத்தான் தேடினான். திட்டத்தையும் தந்திரத்தையும் வெடிகுண்டையும் பார்க்கவில்லை.

கறுப்பர்கள் இப்படி விட்டுக்கொடுக்கவில்லை. செஸ்டர் ஹைம்ஸ் சிறைக்குள் எழுதத் தொடங்கியவர். 1957லிருந்து ஹார்லெமை வைத்து, இரண்டு கறுப்புத் துப்பறிவாளர்களை வைத்து வரிசையாக நாவல் போட்டார். ஆக்டேவியா பட்லர் 'கிண்ட்ர'ட்டில் (1979) ஒரு கறுப்புப் பெண்ணைக் கலிஃபோர்னியாவிலிருந்து காலத்துக்குள் பின்னால் தள்ளி அடிமைப் பண்ணையில் இறக்கினார். அவளை அடிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம் அவளுக்கே மூதாதை. எச்.ஜி. வெல்ஸின் காலயந்திரத்தை வைத்து இதைச் செய்ய முடியுமா? டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நெஞ்சறுக்கும் பேய்க்கதைதானே?

பேய் என்றதும் ஞாபகம் வருகிறது. பேய்க்கதை நம்முடையது, எவன் தடுப்பது? பங்களாப் பேயை மந்திரவாதி ஆணியடித்து அடக்குவது அவர்கள் நாவலின் கடைசிப் பக்கம். நம் பக்கத்தில் கொல்லப்பட்டவன் அடங்கியதில்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன், கழுவேறிய காத்தவராயன், எல்லாரும் திரும்பி வந்து எல்லையில் உட்கார்ந்து கிடாயும் சாராயமும் கேட்டிருக்கிறார்கள். கொன்ற வம்சமே பயந்து வந்து படையல் போட்டிருக்கிறது. 'கருக்கு' (1992) வந்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. பாமா திறந்துவிட்ட வாசலிலேயே எத்தனை நாள் நின்றுகொண்டிருப்பது?

கல்லூரித் தம்பி தங்கச்சிகள் யாராவது சேரிப் பேய்க்கதையோ, சேரித் துப்பறிவாளன் கதையோ எழுதி வைத்திருந்தால் நோட்டோடு வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் இருக்காது.